கிணறு தன் தண்ணீரையே குடித்த நாள்

பின்தெருவில் தண்ணீருக்கு போர் போடுகிறார்கள். காலையிலிருந்து வண்டி இரைந்துகொண்டே இருக்கிறது. மாடியில் காயப்போட்ட புடவைகளின் மேல் சாம்பல் நிறத் தூள் படிந்துவிட்டது. எடுத்து உதறினேன். நனைந்த பாறைத் தூளின் வாசனை மூக்கில் ஏறியது. உனக்கும் எனக்கும் சோற்று வாசனைக்கு அடுத்தபடியாகப் பழகியது அதுதான். நீ இருந்திருந்தால் இந்நேரம் படியிறங்கி ஓடியிருப்பாய். முன்பின் தெரியாதவர் வீட்டு வாசலில் நின்று, குவிந்து கிடக்கும் தூளில் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்து, யாரும் கேட்காமலே யோசனை சொல்லியிருப்பாய். வீட்டுக்காரர் ‘யார் இந்தம்மா’ என்பதுபோல என்னைப் பார்ப்பார். நான் உன்னைத் தெரியாதவள்போல வேறு பக்கம் பார்ப்பேன்.

இன்று நான் இறங்கிப் போகவில்லை. புடவைகளை மறுபடி நனைத்துப் பிழிந்து போட்டேன். வேறொன்றும் செய்யத் தோன்றவில்லை.

நீ போனதிலிருந்து எனக்கு இப்படித்தான் இருக்கிறது. சாப்பிடுகிறேன், ஆபீஸ் போகிறேன், போளூர் பஸ் ஸ்டாண்டில் பூ வாங்கி வைத்துக்கொள்கிறேன், படுத்தால் தூக்கம் வருகிறது. ஒருநாள் தாங்க முடியாமல் அழுகை வரும், அப்போது அழுது தீர்த்துவிடு என்று எல்லோரும் சொன்னார்கள். அதற்காகக் காத்திருந்தேன் என்றுகூடச் சொல்லலாம். வரவில்லை. உட்கார்ந்தே இருந்து கால் மரத்துப்போனால் எழுந்து ஊன்றும்போதாவது சுரீர் என்று தெரியும். எனக்கு எதை ஊன்றுவது என்றே தெரியவில்லை.

ஆனால் ஒரு வேலை இருந்தது. ஆஸ்பத்திரியில் நீ என்னிடம் சொல்லிவிட்டுப் போன வேலை. ஜவ்வாது மலையில் அந்த ஊர்க் கிணற்றை மறுபடி அளந்து பார்க்கச் சொன்னாயே, அதை முடித்துவிட்டேன். கணக்கை யாரிடமாவது ஒப்படைக்க வேண்டும். ஆபீஸில் கொடுத்தாகிவிட்டது. கேட்டவள் நீ. அதனால் உனக்கும் ஒன்று எழுதுகிறேன்.

முதலில் நீ பார்க்காத ஒன்றைச் சொல்கிறேன், உன் சாவு. ஒடுகத்தூரில் உன் வீட்டு வாசலில் ஷாமியானா போட்டிருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் லாரி ஒன்று தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. உன் வீட்டு போரில் தண்ணீர் நின்று போய் மாதக்கணக்காகிறதாம். உன்னைக் குளிப்பாட்டுவதற்கே லாரித் தண்ணீர். சொந்தக்காரர் ஒருவர் என் காதுபடவே, “ஊருக்கெல்லாம் தண்ணி பார்த்துச் சொன்ன பொண்ணு, அது வூட்ல சொட்டுத் தண்ணி இல்ல பாரேன்” என்றார். உன் அண்ணன் அவரை முறைத்தார். எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னது சரியான தகவல். அந்த போரை இன்னும் ஆழப்படுத்தலாம் என்று உன் அண்ணன் கேட்டபோதெல்லாம் கீழே ஒன்றும் இல்லை என்று மறுத்தவள் நீதான். அங்கே நின்றுகொண்டு அந்த போர் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் முகத்தைக் கடைசியாகப் பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டார்கள். பார்த்தேன். அப்புறம் மறுபடியும் மூடியைப் பார்த்தேன்.

நம் இரண்டு ஊருக்கும் நடுவில் அந்த மலை. உன் ஊர் வடக்குச் சரிவில், என் ஊர் கிழக்குச் சரிவில். காலேஜில் சேர்ந்த அன்று இதைக் கண்டுபிடித்து, “அப்போ நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே கொல்லைப்புறம்டீ” என்றாய். நிலவியல் படித்துவிட்டு மலையைத்தான் முதலில் அளப்போம் என்று நினைத்தோம். நடந்தது வேறு. வேலைக்குச் சேர்ந்த உடனே நம் இருவரையும் மகாராஷ்டிரப் பக்கம் எரிமலைப் பாறை பூமிக்கு அனுப்பினார்கள். கிணறு கிணறாகப் போய் எவ்வளவு தண்ணீர் ஊறுகிறது, எந்தப் பக்கமாக நகர்கிறது என்று அளக்கிற வேலை. பாஷை தெரியாது, சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, சோற்றுக்கு அலைந்தோம். ஆனால் வேலை மட்டும் நமக்குப் பிடித்துப் போயிற்று.

அந்தக் கிணறுகளுக்குள் இறங்கி நீ நின்ற விதம் எனக்கு அப்படியே இருக்கிறது. அகலமான கிணறுகள், சுவரில் வெட்டிய படிகள். எப்போதோ பூமிக்குள்ளிருந்து வழிந்த குழம்பு ஒன்றன்மேல் ஒன்றாக உறைந்து கிடக்கிற பாறை. ஓர் அடுக்குக்கும் அடுத்த அடுக்குக்கும் நடுவே செங்கல் நிறத்தில் ஒரு மண் கோடு ஓடும். அந்தக் கோட்டுக்கு மேலே, ஓட்டை ஓட்டையான பாறையிலிருந்து தண்ணீர் கசியும். நீ கையை வைத்துத் தடவிக்கொண்டே கிணற்றைச் சுற்றி வருவாய். “எங்கேர்ந்து வர்றேன்னு தண்ணியே கோடு போட்டுக் காட்டுது பாருடீ. இதுக்கு நம்மளுக்குச் சம்பளம் வேற” என்பாய். அந்த ஊர் தோசை, நம் ஊர் உடைத்துப் போட்ட கருப்பட்டி என்று பாறைகளுக்கு நீ வைத்த பேர்களைப் பிற்பாடு ஆபீஸில் எல்லோரும் சொல்ல ஆரம்பித்தார்கள். யார் வைத்தது என்று யாருக்கும் தெரியாது.

அங்கே கற்றுக்கொண்ட ஒரு பழக்கம்தான் பின்னால் நம்மைக் கவிழ்த்தது. மோட்டார் போட்டுத் தண்ணீரை இறைத்துக்கொண்டே, நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று டேப் விட்டுப் பார்ப்போம். இறங்கிக்கொண்டே வந்து ஓரிடத்தில் மட்டம் நின்றுவிடும். எவ்வளவு எடுக்கிறோமோ அவ்வளவு பக்கத்திலிருந்து வந்து சேர்கிறது என்று அர்த்தம். மட்டம் நின்றால் கிணற்றுக்காரருக்குக் கொண்டாட்டம், வெல்லம் கொண்டுவந்து கொடுப்பார்கள். ‘நின்றது’ என்ற வார்த்தை நம் காதுக்கு நல்ல சேதியாகவே பழகிவிட்டது.

ஊர்ப் பக்கம் வேலை மாற்றிக்கொண்டு வந்த பிறகு, ஆபீஸிலிருந்து நம்மை அந்த மலை ஊருக்கு அனுப்பினார்கள். ஜமுனாமரத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, அங்கிருந்து ஜீப். கொஞ்சம் வீடுகள், சாமைக் கொல்லை, புளியமரங்கள். ஊருக்குக் கீழே ஓடைப் பக்கமாகப் புதுக்கிணறு ஒன்றைப் பாறைக்கு வெடி வைத்துத் தோண்டி முடித்திருந்தார்கள். அதில் போதுமான தண்ணீர் இருந்தால் மேல்தொட்டி கட்டி வீட்டுக்கு வீடு குழாய் கொடுப்பதாகத் திட்டம். இல்லாவிட்டால் பொதுக் குழாய் மட்டும். அதையும் நேரம் பார்த்துத்தான் திறக்க வேண்டும். இரண்டில் எது என்பதை நாம் அளந்து சொல்ல வேண்டும். அதுவரை அந்தப் பெண்கள் கோடையில் ஓடைக்குள் இறங்கி மணலில் தோண்டிய குழியிலிருந்து மொண்டு வந்துகொண்டிருந்தார்கள்.

அவர்கள் நமக்கு வைத்த பேர் உனக்கு நினைவிருக்குமே. நீ நெட்ட மேடம், நான் குட்ட மேடம். கிணற்றுக்கு அடுத்த வீட்டுக்காரி சின்னப்பொண்ணுதான் ஆரம்பித்து வைத்தாள். நம் வயதுதான் இருக்கும் அவளுக்கும். ஆனால் ஊரில் அவள் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. வந்த அன்றே நம் கால்சட்டைகளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “இன்னாங்க மேடம், இந்த டேப்ப வுட்டுப் பாத்தா தண்ணி வந்துடுமா?” என்று கேட்டாள். “வராது. எவ்வளவு கீதுன்னு தெரியும்” என்றாய். “கீறது எங்களுக்கே தெரியுதே. கண்ணு கீதில்ல” என்றாள். உனக்கு அவளை அப்போதே பிடித்துவிட்டது. அவளுக்கு உன்னைப் பிடிக்கவில்லை.

விடிந்ததும் டீசல் மோட்டாரை ஓட்டினோம். இறைக்கிற தண்ணீரைக் கிணற்றுப் பக்கத்திலேயே விட்டால் பாறை வெடிப்பு வழியாக அதே தண்ணீர் உள்ளே திரும்பிவிடும். அதனால் நீளமான ஹோஸ் பைப்பை ஊர் எல்லை தாண்டி ஓடையின் கீழ்ப்பக்கம் வரை இழுத்துப் போட்டிருந்தோம். மோட்டாருக்குப் பக்கத்திலேயே அவ்வப்போது தண்ணீரைப் பிடித்து, டிரம் நிரம்புகிற நேரத்தை நான் பார்த்தேன். நீ கிணற்றுமேட்டில் குப்புறப் படுத்துக்கொண்டு டேப்பை விட்டு மட்டம் சொன்னாய். மட்டம் மளமளவென்று இறங்கியது. நம் முகமும் கூடவே இறங்கியது. வெயில் ஏறிய பிறகு இறக்கம் மெதுவாயிற்று. அப்புறம் நின்றேவிட்டது.

“நிக்குதுடீ!” என்று நீ கத்திய கத்தலில் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். எனக்கு லேசாக உறுத்தியது. இந்த மலைப் பாறையில் மட்டம் அப்படி நிற்காதே என்றேன். அடியில் படுக்கையாக ஒரு வெடிப்பு இருந்தால் எரிமலைப் பாறை மாதிரியே பக்கவாட்டில் தண்ணீர் கொடுக்கும் என்றாய். சொன்ன விதத்தில் நானும் நம்பிவிட்டேன். ஊரே கிணற்றைச் சுற்றி நின்றது. வீட்டுக்கு வீடு குழாய் என்று யாரோ சொல்ல, சின்னப்பொண்ணு பொங்கல் வைக்க அடுப்புக் கல்லை நகர்த்தினாள்.

சாயங்காலம் வெயில் தணிந்ததும், ஓடைப் பக்கம் போய் ஹோஸ் முனையில் கால் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று நீ போனாய். போனவள் கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டாய். நீ கூப்பிட்டது ஓடைப் பக்கமிருந்து இல்லை, கிணற்றுக்கு மேலே மேட்டிலிருந்து. ஏறி வந்து பார்த்தால், ஹோஸ் பைப்பைப் பாதியிலேயே கழற்றித் திருப்பி, மேட்டில் இருந்த குட்டைக்குள் விட்டிருந்தார்கள். காலையிலிருந்து நாம் இறைத்ததெல்லாம் அந்தக் குட்டைக்குள் விழுந்து, அங்கிருந்து ஊறி, சுவரில் ஒரு வெடிப்பு வழியாகக் கிணற்றுக்கே திரும்பி வந்துகொண்டிருந்தது. கிணறு தன் தண்ணீரையே திரும்பத் திரும்பக் குடித்துக்கொண்டிருந்தது. அதை நாம் ஊற்று என்று எழுதிக்கொண்டிருந்தோம்.

மோட்டார் ஓட்டுகிற காளிதான் திருப்பிவிட்டிருந்தான். அவனைக் கேட்டால், ஒளிக்காமல் சொன்னான். “புதுக்கெணத்து மொத தண்ணி ஊர் எல்லையத் தாண்டக் கூடாதுங்க மேடம். தாண்டுச்சின்னா கெணறு தங்காது. எங்க ஊரு வழக்கம். நீங்க கோச்சிக்குவீங்கன்னு சொல்லல.” நீ அவனைத் திட்டவில்லை. ஹோஸ் மேலேயே உட்கார்ந்து சிரித்தாய். “மொத தண்ணிய ஊருக்குள்ளயே வுட்டாச்சி. இனிமேலயாவது வெளிய வுடலாமா?” என்று கேட்டாய். அவன் யோசித்துப் பார்த்துவிட்டு, “இனிமே எங்க வேணா வுட்டுக்கலாங்க” என்றான்.

அதற்குள் பொங்கல் பொங்கிவிட்டிருந்தது. நீ அந்த அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று, இன்றைக்கு அளந்தது செல்லாது, மறுபடி அளக்க வேண்டும் என்று சொன்னாய். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம், அவர்கள் சாப்பிடட்டும் என்று நான் உன் கையை இழுத்தேன். “தப்பான கணக்குல வெச்ச பொங்கல நான் துன்ன மாட்டேன்” என்றாய். சின்னப்பொண்ணு கரண்டியைப் பானைக்குள் அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குள் போனாள். பசித்த வயிற்றோடு ஜீப்பில் படுத்தோம். நல்ல பிடிவாதம் உனக்கு.

இரண்டாவது முறை அளந்தபோது மட்டம் நிற்கவில்லை. மோட்டாரை நிறுத்திவிட்டு, கிணறு எவ்வளவு நேரத்தில் பழைய மட்டத்துக்கு வருகிறது என்று பார்த்தோம். அது சோம்பேறித்தனமாக ஊறியது. கணக்குப் போட்டு முடித்து ஊரைக் கூட்டிச் சொன்னவள் நீதான். காலையில் ஒரு தொட்டி, சாயங்காலம் ஒரு தொட்டி. குடிக்க, சமைக்கப் போதும். வீட்டுக்கு வீடு குழாய் கொடுத்தால் பங்குனியிலேயே கிணறு காய்ந்துவிடும். இறைக்கிற நேரத்தைத் தாண்டி யாரும் மோட்டாரில் கை வைக்கக் கூடாது. இதைச் சொல்லிவிட்டுக் கடைசியில் இன்னொன்றும் சொன்னாய். “அன்னிக்குத் தண்ணியத் திருப்பி அந்தக் குட்டையில வுட்டீங்களே, அது கெணத்துக்குத்தான் போவுது. மழைத் தண்ணியையும் அதே மாதிரி திருப்பி வுடுங்க.” யாரும் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை.

சின்னப்பொண்ணு மட்டும் எழுந்து நின்றாள். “கீற தண்ணியையும் இல்லன்னு சொல்றதுக்கு இம்மாந்தூரம் வரணுமா நீங்க? கீழ உங்க வூட்ல கொழா கீதில்ல? எங்களுக்கு மட்டும் கணக்கா?” என்றாள். அவள் கேட்டது நியாயம்தான் என்று இறங்கி வரும்போது என்னிடம் சொன்னாய்.

அப்புறம் வருஷா வருஷம் நீர்மட்டம் பார்க்க அங்கே போனோம். பொதுக் குழாயும் உன் நேரக்கணக்கும் நடைமுறைக்கு வந்துவிட்டன. பக்கத்து ஊர்க் கிணறுகள் கோடையில் வறண்டாலும் அந்தக் கிணறு வறளவில்லை. ஆனாலும் உன்மேல் அவர்களுக்கு இருந்த வருத்தம் போகவில்லை. எனக்குப் பலாச்சுளை, தேன், சாமை அரிசி. உனக்கு ஒரு சொம்பு தண்ணீர். அதையும் சின்னப்பொண்ணு அளந்து ஊற்றுவாள். “மேடத்துக்குக் கணக்கா குடுத்தாத்தான் புடிக்கும்” என்பாள். நீ ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டுச் சொம்பைக் கவிழ்த்து அவளிடமே கொடுப்பாய். ஜீப்பில் ஏறியதும் என் மடியிலிருக்கும் பலாச்சுளையில் பாதியைப் பிடுங்கித் தின்பாய். “நல்ல பேரு உனக்கு, பலாப்பழம் ரெண்டு பேருக்கும்” என்பாய்.

வேலூர் ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பேச வைத்ததும் அந்தக் கிணறுதான். புற்றுநோய்க் கட்டி எங்கெங்கோ பரவிவிட்டது என்று உன் அண்ணன் வராந்தாவில் நின்று எனக்குச் சொன்னார். உள்ளே வந்தால், தலைக்கு மேலே தொங்குகிற பாட்டிலிலிருந்து சொட்டு விழுவதை நீ பார்த்துக்கொண்டிருந்தாய். “இன்னாடீ இது, இந்தக் கிணத்தோட யீல்டு ரொம்ப மோசமா இருக்கு” என்றாய். சிரித்தேன். சிரிக்க வேண்டுமே என்று சிரித்தேன். பிறகு நீ, “அந்த ஊருக்கு நான் கஞ்சத்தனமா சொல்லிட்டனோன்னு இருக்குடீ. எரிமலைப் பாறை மாதிரின்னு நெனச்சு ஏமாந்ததுக்குப் பயந்து, கணக்க ரொம்ப இறுக்கிட்டனோ? அந்தப் பொம்பளைங்க இத்தினி வருஷமா சும்மா கொடத்தத் தூக்கிட்டுத் திரியறாங்களோ?” என்று கேட்டாய். நீ சொன்னது சரிதான் என்றேன். “சரின்னு சொல்லாத. அளந்து சொல்லு” என்றாய். அளப்பதற்குள் நீ போய்விட்டாய்.

போன கோடையில், மழை எட்டிப்பார்க்காத சமயமாகப் பார்த்து, நான் தனியாகப் போனேன். வீட்டுக்கு வீடு குழாய் வேண்டும் என்று ஊரிலிருந்தும் ஆபீஸுக்கு எழுதிக் கேட்டிருந்தார்கள். நாம் போன காலத்துக்கு இப்போது ரோடு தேவலாம். ஜீப்பை விட்டு இறங்கியதும் காளி ஓடி வந்து டேப்பை வாங்கிக்கொண்டான். தலைமுடி நரைத்துவிட்டது அவனுக்கு. என் பின்னாலேயே எட்டிப் பார்த்துவிட்டு, “நெட்ட மேடம் வர்லீங்களா?” என்றான். அதற்கு என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். கேட்டதும் எல்லாம் மறந்துபோய், “வேலை முடிஞ்சதும் சொல்றேன்” என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்க வேண்டும்.

ஹோஸ் முனையை ஊர் எல்லைக்கு வெளியே விட்டு, காளியை அதன் பக்கத்திலேயே உட்கார வைத்தேன். “இந்த வாட்டி பைப்பு எங்கயும் ஓடாதுங்க மேடம்” என்று வெட்கப்பட்டான். மோட்டாரைப் போட்டுவிட்டு உன்னை மாதிரி குப்புறப் படுத்து டேப்பை விட்டேன். பழைய மாதிரியே மட்டம் மளமளவென்று இறங்கியது. உனக்குக் கெட்ட சேதியோ நல்ல சேதியோ, நீ சொன்னதுதான் சரி என்று மனதுக்குள் எழுத ஆரம்பித்துவிட்டேன். எந்த உணர்ச்சியும் இல்லை. எண்ணைப் பார்த்தேன், எழுதினேன், அடுத்த எண்ணைப் பார்த்தேன்.

வெயில் ஏறிய பிறகு இறக்கம் மெதுவாகியது. முழுதாக நிற்கவில்லை. ஆனால் நம் பழைய கணக்குப்படி எங்கே இருக்க வேண்டுமோ அதற்கு ரொம்ப மேலேயே மட்டம் இருந்தது. எழுந்து ஓடினேன். இந்த வயதில் அந்தச் சரிவில் நான் ஓடி நீ பார்த்திருக்க மாட்டாய். காளி உட்கார்ந்த இடத்திலேயே இருந்தான். ஹோஸ் ஒரு முழம்கூட நகரவில்லை. தண்ணீர் எல்லைக்கு வெளியேதான் ஓடையில் விழுந்துகொண்டிருந்தது. “இன்னாங்க மேடம், நான் ஒண்ணியும் பண்ணலீங்க” என்று பதறினான். அவனை விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறினேன்.

அங்கே குட்டை இல்லை. குட்டை இருந்த இடத்தில் ஒரு குளமே இருந்தது. நாலு பக்கமும் கல் அடுக்கிக் கரை கட்டியிருந்தார்கள். மேலே சரிவு நெடுக வாய்க்கால் வெட்டி மழைத் தண்ணீர் அதற்குள் வருகிற மாதிரி செய்திருந்தார்கள். கோடை என்பதால் அடியில் கொஞ்சம் கலங்கல்தான் கிடந்தது. மழைக்காலம் முழுக்க அது குடித்து உள்ளே இறக்கிய தண்ணீர், பாறை வெடிப்பில் தங்கி, இன்னமும் கிணற்றுக்கு வந்துகொண்டிருக்கிறது. சின்னப்பொண்ணு பின்னாலேயே ஏறி வந்துவிட்டாள். “நூறு நாள் வேலையில வருஷா வருஷம் நாங்கதான் வெட்டறோம். அந்த நெட்ட மேடம் சொல்லிச்சே. அதுகிட்ட சொல்லிடாதீங்க, அப்புறம் அது ஆடும்” என்றாள்.

வருஷா வருஷம் போனோமே, நாம் பார்க்கவே இல்லையடீ. ஜீப்பிலிருந்து இறங்கினால் கிணறு, கிணற்றிலிருந்து ஜீப். மேட்டுப் பக்கம் அவர்களும் நம்மைக் கூப்பிட்டதில்லை.

முழு அளவையும் எடுத்தேன். மோட்டாரை நிறுத்திவிட்டுக் கிணறு ஊறி மேலே வருகிறவரை அங்கேயே இருந்தேன். உனக்குத் தெரிய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நீ போட்ட கணக்கு சரி. அப்போதிருந்த பாறையில், அப்போதிருந்த தண்ணீருக்கு, அதற்கு மேல் ஒரு தொட்டிகூடக் கொடுத்திருக்கக் கூடாது. கொடுத்திருந்தால் கிணறு போயிருக்கும். நீ கஞ்சத்தனம் பண்ணவில்லை. ஆனால் இப்போது நிலைமை வேறு. வீட்டுக்கு வீடு குழாய் கொடுக்கலாம். அளவோடு, நேரம் வைத்து, ஆனால் கொடுக்கலாம். அளந்துதான் சொல்கிறேன்.

புளியமரத்தடியில் அவர்களைக் கூட்டி வைத்து, கொடுக்கலாம் என்று சொன்னேன். ஒருத்தி விசில் அடித்தாள். யாரோ என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அந்தச் சத்தத்துக்கு நடுவிலேயே நீ இறந்துவிட்டதையும் சொன்னேன். உன்னை மாதிரியே, பொங்குகிற அடுப்புக்குப் பக்கத்தில் நின்று சொன்ன மாதிரி ஆகிவிட்டது. காளி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான். சின்னப்பொண்ணு என் பக்கம் திரும்பினாள். “எப்போ?” என்றாள். சொன்னேன். “நாங்க கொளம் வெட்டனது அதுக்குத் தெரியுமா?” என்றாள். தெரியாது என்றேன். அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். உனக்குத் தண்ணீர் அளந்து ஊற்றியவள், உன்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டவள். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு அப்போதும் அழுகை வரவில்லை.

கிளம்பும்போது அவள் எழுந்து வந்தாள். கிணற்றடி ஈரமண் ஒட்டிய கையால் என் இரண்டு கன்னத்தையும் வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் விரல்களை நெட்டி முறித்தாள். “எங்க வூட்டுக்குத் தண்ணி கொண்டாந்தவளே, நீ நல்லா இருக்கணும். உன் கொலம் நல்லா இருக்கணும்” என்றாள். மற்ற பெண்களும் ஒவ்வொருத்தியாக வந்து அதையே செய்தார்கள். நான் இல்லை, அவள்தான் என்று சொல்லிப் பார்த்தேன். “அதுக்கும் சேத்துதான்மா” என்றார்கள். சேர்த்து எங்கே கொடுப்பது? கன்னம் என்னுடையதுதானே இருக்கிறது.

வண்டி இறக்கத்தில் திரும்பியபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. உன்மேல். நீ போனதிலிருந்து எனக்கு வந்த முதல் உணர்ச்சி அதுதான். இத்தனை வருஷம் ‘இல்லை’ என்று சொன்னதற்கெல்லாம் நீ நின்று திட்டு வாங்கினாயே, ‘உண்டு’ என்று சொல்கிற ஒரு நாள் வந்தது, அன்றைக்கு நீ இல்லை. உனக்கு வர வேண்டிய நல்ல பேரையெல்லாம் அந்த ஊர் என் முகத்தில் தடவி அனுப்பிவிட்டது. திருப்பிக் கொடுக்க ஆள் இல்லை. போளூர் வந்து சேர்ந்து, வீட்டில் விளக்கைப் போட்டுக் கண்ணாடியைப் பார்த்தேன். அவர்கள் கையிலிருந்த கிணற்றடி மண் கன்னத்தில் காய்ந்து கிடந்தது. அன்றைக்கு நான் முகம் கழுவிக்கொள்ளவில்லை.